உளுந்து விதைக்கு எதிரான சர்வதேசச் சதி

1

உலகத்தின் பெரிய விதைக் கம்பெனி ஒன்று, கோவில்பட்டிப் பக்கத்து உளுந்தைக் கண்டு நடுங்கிப்போய், ஆள் வைத்து என் சர்வரை அடிக்கிறது என்றுதான் நான் முதலில் நம்பினேன். லேசாகச் சந்தேகப்பட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நான்கு நாள் முழுமனதோடு நம்பினேன். வாசல் மணி அடித்தால் கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்து ஆளை அளந்த பிறகே திறந்தேன். வந்தவர் பார்சல்காரர். மனைவி ஆர்டர் செய்த துவரம்பருப்பு.

இந்தப் புரட்டாசியோடு நான் ஜெர்மனிக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன். எந்தக் கட்டிடத்தில் எந்த லிஃப்ட் எப்போது நின்றது என்று ஒரு பட்டியல் காட்டும். அதைப் பார்த்து ஒருவர் கிளம்பிப் போவார். எனக்குத் தெரிந்து அந்தப் பட்டியலால் யாருக்கும் ரத்த அழுத்தம் ஏறியதில்லை. என் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்கு ஊரிலிருந்து முருகையா வர வேண்டியிருந்தது.

முருகையா என்னோடு கோவில்பட்டியில் ஒரே பெஞ்சில் படித்தவன். இப்போது கழுகுமலை ரோட்டில் ஓர் உழவர் குழுவுக்குச் செயலாளர். போன விடுமுறையில் அவன் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். விதை உளுந்துக்குத் துண்டுச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் இருந்து பஸ் நிறுத்தம் வரை வரிசை. உள்ளே தெரிந்தவன் இருப்பவனுக்கு முதல் சீட்டு. தெரிந்தவன் இல்லாதவனுக்கு அடுத்த வாரம் வரச் சொல்லிப் பதில். எங்கள் பக்கத்தில் மழை வரும் முன்பே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர்கள் அதிகம். அடுத்த வாரம் என்பதற்குள் மழை விழுந்துவிட்டால் அந்தச் சீட்டைக் காதுகுடையத்தான் வைத்துக்கொள்ளலாம்.

நான் வெளிநாட்டுக்காரனுக்கே உரிய தோரணையில், கையில் டீயை வைத்துக்கொண்டு சொன்னேன். "இதெல்லாம் ஒரு வெப்சைட் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்லே."

முருகையா அதைப் பொதுக்குழுவில் என் பெயரோடு சேர்த்துத் தீர்மானமாகவே போட்டுவிட்டான்.

2

பைத்தானில் ஜாங்கோ என்று ஒரு கட்டமைப்பு உண்டு. அதில் எழுதினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஜாங்கோ என்பது கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. அவருக்குப் பின்னால் டேட்டாபேஸ் என்று ஒரு சரக்குக் கிட்டங்கி. விவசாயி போனில் பெயரையும் ஏக்கரையும் போட்டுப் பொத்தானை அமுக்கினால், குமாஸ்தா கிட்டங்கிக்குள் போய் இருப்பில் இருந்து அத்தனை கிலோவைக் கழித்துவிட்டு, "உமக்கு விதை உண்டு" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார். அவ்வளவுதான் வேலை. லிஃப்டை விடச் சுலபம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பதிவு தொடங்கும் என்று நானே நேரம் குறித்திருந்தேன். எனக்கு அது விடிகாலை நாலரை. எழுந்து பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. சரி, நம்ம ஊர் ஆட்கள் மெதுவாக வருவார்கள் என்று படுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து முருகையா எழுப்பினான்.

"ஏலே மிக்கேலு, என்னமோ இங்கிலீஷ்ல மன்னிப்பு கேக்குதுலே."

கேட்டிருந்தது. டேட்டாபேஸ் மரியாதை தெரிந்தது. மன்னிக்கவும், ஏற்கெனவே ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டு மயங்கிவிட்டது. நம் மினிபஸ் கண்டக்டர்கூட இடமில்லாததற்கு மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மறுபடி ஓட்டிவிட்டேன். நன்றாக ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு அன்று முழுக்க ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை. விதை முழுக்க அப்படியே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு, நான் அலுவலகக் கேன்டீனில் உருளைக்கிழங்கோடு போராடிக்கொண்டிருந்தபோது, மறுபடி விழுந்தது. இந்த முறை பயத்தில் ஒரு காரியம் செய்தேன். ஜாங்கோவில் நான் வைத்திருந்தது உண்மையில் ஒரு குமாஸ்தா இல்லை, முப்பது பேர்; அவர்களை அறுபதாக்கினேன். கூட்டம் அதிகம் என்றால் ஆளைக் கூட்ட வேண்டியதுதானே. கிட்டங்கிக்குள் ஒரே நேரத்தில் இருபத்தைந்து பேர்தான் நிற்க முடியும் என்பது நினைவுக்கு வரவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு விழுந்தபோது முன்னைவிட வேகமாக விழுந்தது.

சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனத்தை ஜெர்மன் மொழியில் தொலைபேசியில் அழைத்தேன். என் மீது தாக்குதல் நடக்கிறது என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் தாக்குதலுக்கான சொல் வராமல் அதன் பக்கத்து வீட்டுச் சொல் வந்துவிட்டது. எனக்கு வெளிநாட்டில் இருந்து தினமும் ஒரு சலுகை வருகிறது, பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஆறுதல் சொன்னாள். பத்தொன்பது வருடம்.

3

புதன்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் விதைக் கம்பெனிச் சதியை வீட்டாருக்கு விளக்கினேன். மழைக்கு முன்னால் எங்கள் சனத்துக்கு விதை கிடைக்காவிட்டால் அவர்கள் யாரிடம் போய் வாங்குவார்கள்? யாருக்கு லாபம்? யோசித்துப் பாருங்கள் என்றேன்.

என் மகள் கிளாராவுக்குப் பதினாறு வயது. அவளுக்கும் தமிழுக்கும் உறவு தூரத்துச் சொந்தம் மாதிரி. கல்யாணம் காட்சியில் பார்த்தால் சிரிக்கும். கையில் இருந்த போனில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஹேக்கர் உளுந்து வச்சு என்ன பண்ணுவான் பப்பா? வடையா?"

"அவனுக்கு உளுந்து வேண்டாம். நம்மை முடக்கணும்."

"உன்னை முடக்க அவன் எதுக்கு? நீயே சோபாவில அப்படித்தான் இருக்க."

என் மனைவி ரெஜினா துவரம்பருப்பில் இருந்து தலை தூக்கினாள். "விடு கிளாரா. உங்கப்பாவுக்குப் பயப்படுததுக்கும் ஒரு பெரிய கம்பெனியா வேணும். சின்னக் கம்பெனின்னா கௌரவக் குறைச்சல்."

நான் அசரவில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்தேன், என் கடிகாரப்படி. திங்கள் ஐந்தரை. செவ்வாய் ஒன்று. புதன் பத்து. வியாழக்கிழமை பதினொன்றரை என்று அதற்கடுத்த நாள் சேர்ந்துகொண்டது. ஒரே நேரத்துக்கு வந்தால் பிடிபடுவோம் என்று மாற்றி மாற்றி வருகிறான், தேர்ந்த கை. இந்த எண்களைக் கூட்டினேன், கழித்தேன், வித்தியாசங்களுக்கு வித்தியாசம் எடுத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அடிப்பான் என்று கணக்கு சொன்னது. அந்த இரண்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன்.

போதாததற்கு, கும்பலின் தலைவனையும் பிடித்துவிட்டேன். ஒரே முகவரியில் இருந்து இரண்டு நிமிடத்தில் நாற்பத்துமூன்று முறை பொத்தான் அமுக்கப்பட்டிருந்தது. மனிதன் அப்படி அமுக்க மாட்டான், இயந்திரம்தான். அந்த முகவரியை உள்ளே விடாதே என்று புதன்கிழமை இரவே தடை போட்டேன். வியாழக்கிழமை முருகையா பேசினான்.

"சூசை அண்ணாச்சி போன்ல மட்டும் உனக்கு அனுமதி இல்லன்னு வருதாம்லே. அவிய மனசு விட்டுட்டாவ. நான் என்ன தப்பு செஞ்சேன், சங்கத்துக்கு அம்பது ரூவா சந்தா கூடப் பாக்கி இல்லையேங்காவ."

"அவரு எத்தன தடவலே அமுக்கினாரு?"

"வரலன்னா வருத வரைக்கும் அமுக்குவாவ. பம்புசெட்டு சுவிட்ச அப்படித்தான போடுதாவ."

தடையை எடுத்தேன். சூசை அண்ணாச்சிக்கு எழுபதை நெருங்கும் வயது, நான்கு ஏக்கர் கரிசல். சர்வதேசக் கும்பலின் தலைவர்.

பிறகு முருகையா குரலைத் தணித்தான். "மிக்கேலு, வெளையாட்டு இல்ல. நாளைக்கும் விழுந்துட்டுன்னா சனிக்கிழம பழைய சீட்டுதான்னு நம்ம குழுத் தலைவர் சொல்லிட்டாரு. நான் செயலாளரா இருக்க வேண்டாமாம். அத விடு. மேக்க மழைக் கருக்கல் கட்டுது. சீட்டு போட்டா ஒரு வாரம் இழுக்கும். பாதிப் பேருக்கு வெத கைக்குப் போகாது."

நோட்டில் இருந்த சிவப்பு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் போட்டேன்.

4

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். பாஸ்போர்ட் புதிதாக வாங்கினால், இந்த நாட்டில் நான் இருக்கலாம் என்கிற அட்டையையும் புதிதாக வாங்க வேண்டும். நான் அதே ஆள்தான், மூக்கு அதே மூக்குதான். ஆனாலும் அட்டை பழைய பாஸ்போர்ட் எண்ணோடு இருந்தால் நான் கொஞ்சம் வேறு ஆள். இந்த நேரத்துக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன். தவறவிட்டால் இன்னொரு ஐந்து மாதம்.

அடி மதியம் இரண்டுக்குத்தானே விழப்போகிறது என்ற தைரியத்தில், மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பு அறையில் உட்கார்ந்தேன். எட்டு இருபதுக்கு முருகையா அழைத்தான்.

"எல்லாரும் ஆபீசுக்கே வந்துட்டாவ. வெளியூர்க்காரங்க அவங்கவங்க ஊர்ல இருக்காவ. நீ லைன்லயே இரி, நான் போன மேசையில வைக்குதேன்."

இயர்போனில் ஒரு ஹால் நிறையக் கசகசப்பு. நாற்காலி இழுபடும் சத்தம். கணினித் திரையில் என் சர்வர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர்கூட அமுக்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அண்ணாச்சி, போனக் கீழ வைங்க. இன்னும் நாலு நிமிசம் கெடக்கு." இது முருகையா.

"தொடலப்பா. சும்மா தொடைக்குதேன்." சூசை அண்ணாச்சி.

"தொடைக்கும்போது பட்டுட்டுன்னா? நேத்தும் இப்படித்தான்."

"நேத்து எனக்கு அனுமதியே இல்லல்லா. எங்கிட்டு பட."

சிரிப்பு. பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஹால் அடங்கியது. கோவிலில் நடை திறக்கும் முன்னும், தேர்வில் மணி அடிக்கும் முன்னும் அடங்குமே, அந்த அடக்கம். அறைச் சுவரில் கடிகாரம் எட்டரையைத் தொட்டது.

"பன்னெண்டு ஆயிட்டு," என்றான் முருகையா. "போயிட்டான். அமுக்குங்க."

என் திரையில் கோடு செங்குத்தாக எழுந்தது. இருநூற்றுச் சொச்சம் பேர், ஒரே நொடியில். ஐந்து நொடிகளுக்குப் பிறகு டேட்டாபேஸ் மன்னிப்புக் கேட்டது.

"முருகையா, யாருலே போயிட்டான்?" என்று கத்தினேன். காத்திருப்பு அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

"ராகு," என்றான். "வெள்ளிக்கிழம பத்தரை பன்னெண்டுல்லா."

நோட்டைப் பிரித்தேன். என் ஐந்தரையோடு மூன்றரை மணி நேரம் கூட்டினால் ஒன்பது. திங்கள், ஏழரை முதல் ஒன்பது. செவ்வாய் நாலரை. புதன் ஒன்றரை. வியாழன் மூன்று. அந்தக் கம்பெனி எங்கள் ஊர் நாட்காட்டியின் ஒவ்வொரு தாளின் அடியிலும் நேரம் போட்டு அச்சடித்துவிட்டுத்தான் தாக்கியிருக்கிறது.

"திங்கக்கெழம நீ எட்டு மணிக்குத் தொறந்துட்ட. சரியா அந்த நேரத்துக்குள்ள. வெத காரியமுல்லா, யாரு தொடுவா? ஒம்பது வரைக்கும் எல்லாரும் கைய மடக்கிட்டு இருந்தோம். ஒம்பதுக்கு அமுக்கினா விழுந்துட்டு. தடங்கலான காரியத்த அன்னைக்கே தொடக்கூடாதுல்லா, விட்டுட்டோம். தொடக்கமே கோளாறாப் போச்சேன்னு நான்தான், அவன் போன சூட்டோட எல்லாரும் சேந்து அமுக்கினா சரியாகும்னு தெனமும் குரூப்புல செய்தி போடுதேன்."

"எங்கிட்ட ஏம்லே சொல்லல?"

"நீ வேதக்காரன். உன் வெப்சைட்டுல போயி ராகு கேதுன்னா உனக்கு மனசு சங்கடமா இருக்குமேன்னுதான்."

நான்கு நாளாக நான் உலக வரைபடத்தில் தேடிய எதிரி, என் நண்பனின் மரியாதைக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அதுசரி, சூசை அண்ணாச்சி? அவர் எங்கள் ஆள், என்னைப் போலக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் முன்வரிசை. அவரும்தானே போனைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்? கேட்டேன். அவரே போனை வாங்கினார்.

"நாம நல்ல நேரம் பாக்கதில்ல தம்பி. கெட்ட நேரத்த ஒதுக்குதோம். ரெண்டும் வேற."

இதற்குச் சாமியாரிடமும் பதில் இருக்காது. அந்த நேரத்தில் என் எண் திரையில் வந்தது. ஓடினேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் விண்ணப்பத்தைக் கேட்டார். கையில் இருந்ததைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை இறக்கி நிதானமாகப் படித்தார். திங்கள் ஐந்தரை, செவ்வாய் ஒன்று, புதன் பத்து.

"இவை உங்கள் வேலை நேரமா?" என்றார்.

"இல்லை அம்மா. என் நண்பர்களின் வேலை நேரம்."

இது எங்கள் படிவம் இல்லை என்று அதைத் திருப்பிக் கொடுத்தார். சரியான படிவம் பைக்குள் இருந்தது. அட்டை தபாலில் வரும் என்றார்.

5

வீட்டுக்கு வெற்றி வீரனாக வந்தேன். ராகு காலத்தை ரெஜினாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிளாராவுக்கு விளக்க வேண்டியிருந்தது. பாம்பு, சூரியன், ஒன்றரை மணி நேரம் எல்லாம் கேட்டுக்கொண்டாள். ஜெர்மனியிலும் அந்தப் பாம்பு இதே நேரத்துக்குத்தான் வருமா, கோடைகால நேர மாற்றத்துக்கு என்ன செய்யும் என்று கேட்டாள். எங்கள் ஊரைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் ஒழுங்கான கேள்வி இது.

பிறகு அடுத்ததைக் கேட்டாள்.

"இருநூறு பேர்தான பப்பா?"

"ஆமா. ஒரே நொடியில."

"எங்க ஸ்கூல் கேன்டீன் ஆப்ல பிட்சா நாள்ல ஆயிரம் பேர் அமுக்குறோம். விழாதே."

ரெஜினாவின் சிரிப்பு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கணினியைத் திறந்தேன்.

ஜாங்கோ என்ன செய்கிறது, டேட்டாபேஸுக்குள் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று முதல் முறையாக வரிசையாகப் பார்த்தேன். திங்கட்கிழமையே பார்த்திருக்க வேண்டியது. இருபத்தைந்து பேர் உள்ளே. ஒருவர் வேலை செய்கிறார். இருபத்துநான்கு பேர் அவர் முடிக்கக் காத்திருக்கிறார்கள். அந்த ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்று பார்த்தேன். போனில் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஒரே விதையை இரண்டு பேருக்கு எழுதிவிடக் கூடாது என்பதற்காக, குமாஸ்தா கிட்டங்கிக்குள் போனதும் உள்தாழ் போட்டுக்கொள்ள வேண்டும்; கிலோவைக் கழித்த உடனே திறந்துவிட வேண்டும். அதற்கு நான் எழுதிய முறையில், அவர் தாழ் போடுகிறார், கழிக்கிறார், பிறகு தாழைத் திறக்காமலே வாங்கியவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார். அது போய்ச் சேர்ந்தது என்று பதில் வர மூன்று நொடி ஆகிறது. அதுவரை அங்கேயே நிற்கிறார். அதன் பிறகுதான் கதவு. ஒவ்வொருவராக வந்தால் இது வெளியே தெரியாது. நான் சோதித்துப் பார்த்தபோது நான் ஒருவன்தான் வந்தேன்.

முருகையாவை அழைத்தேன். நாளைக்கு ஒன்று சேர்ந்து அமுக்காமல் கொஞ்சம் பிரித்து அமுக்கச் சொல்லலாமா என்று கேட்பதற்குத்தான் அழைத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"தலைவர்கிட்ட காலுல விழாத குறையா நாளைக்கு ஒரு நாள் கேட்டு வாங்கியிருக்கேன். சனிக்கிழம ஒம்பது பத்தரை. பத்தரைக்கு எல்லாரும் அமுக்குதோம். நீ என்ன சொல்லுத?"

"அமுக்குங்க," என்றேன்.

6

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் சமையலறையில் நின்றோம். கிளாரா விடுமுறை நாளில் அந்த நேரத்துக்கு எழுந்ததை நான் பார்த்ததில்லை. கோடு செங்குத்தாக எழுந்தது. நின்றது. மெதுவாக இறங்கியது. ஒரு நிமிடத்துக்குள் விதை இருப்பு தீர்ந்தது. கேட்ட எல்லோருக்கும் எழுதியாயிற்று. சூசை அண்ணாச்சி ஒரே தடவைதான் அமுக்கியிருந்தார்.

ஞாயிறும் திங்களும் மூட்டைகள் ஊர் ஊராகப் போயின. செவ்வாய்க்கிழமை மழை.

முருகையா இன்னும் செயலாளர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகக் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்ததாகவும், அதில்தான் சரியானது என்றும் சொல்கிறான். சூசை அண்ணாச்சி அந்தோனியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்திருந்ததாகவும், அதில்தான் சரியானது என்றும் சொல்கிறார். குழுவில் இருவருக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டபோது நான் இரண்டு பேருக்கும் "ம்" என்றேன்.

நடந்தது இதுதான். கதவைத் திறக்கும் முன் குறுஞ்செய்தி அனுப்பும் அந்த வரியை எழுதியவன் நான். வெள்ளிக்கிழமை மாலை அதை வெட்டி, நான்கு வரி கீழே, கதவைத் திறந்த பிறகு வருமாறு ஒட்டினேன்.